தமிழ் பேசும் கார்ட்டூன்கள்: எந்தச் சிரிப்பு தேய்ந்தது, எது தேயவில்லை

மதுரையில் எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பில் குழந்தைகளுக்கான அலைவரிசைகள் ஒரு தனித் தொகுப்பாக வருகின்றன. 2007-இல் தமிழுக்கென்றே தொடங்கப்பட்ட சுட்டி டிவி ஒருபுறம் இருக்க, போகோ, நிக், சோனி யாய், டிஸ்கவரி கிட்ஸ் போன்றவை ஒரே படத்தைப் பல மொழி ஒலித்தடங்களோடு நாடு முழுவதும் அனுப்புபவை. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மொழியை மாற்றினால் அதே மோட்டுவும் அதே பீமும் தமிழ் பேசத் தொடங்குவார்கள். கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வந்து தங்கியதால், வெயில் தாழும் வரை யாரையும் வெளியே அனுப்ப முடியாத பகல் வேளைகளில், இந்தத் தொகுப்பை ஏறக்குறைய முழுவதுமாகப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. கட்டணம், ஒலித்தரம் ஆகியவற்றைக் கடைசியில் சொல்கிறேன். இந்த மதிப்புரை முதன்மையாக ஒன்றைப் பற்றியது: இந்தத் தொடர்கள் சிரிக்க வைப்பதற்காகத் திரும்பத் திரும்பக் கையாளும் உத்திகள் எவை, அவற்றுள் எவற்றில் இன்னும் உயிர் இருக்கிறது, எவை வெறும் பழக்கமாகப் போய்விட்டன என்பது.

திரும்ப வருவதாலேயே ஒரு நகைச்சுவை பழுதாகிவிடாது என்பதை மதுரைப் பக்கத்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், கதை தொடங்குவதற்கு முன்னால் வரும் பபூன் காமெடி பல தலைமுறைகளாக ஏறத்தாழ ஒரே அமைப்பில்தான் இருக்கிறது. பபூன் முதலில் தனியாக வந்து, பாடியும் பேசியும் கூட்டத்தைத் தன் வசப்படுத்துவார். பிறகு டான்ஸ் ஆடும் பெண் மேடைக்கு வருவார். இருவரும் வழியில் மோதிக்கொள்வார்கள். தவறு யார் மீது என்று வாய்ச்சண்டை மூளும். சண்டை மெல்லக் காதலில் போய் நிற்கும். மேடைக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இது அத்தனையும் மனப்பாடம். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை இன்றளவும் நடத்திவரும் இந்த மரபில் நிலையான குழு என்பது கிடையாது. நடிகர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சேர்கிறார்கள். ஆகவே மோதல் நடக்கும் என்பது உறுதியாக இருந்தாலும், மோதிய பிறகு இந்த பபூன் இந்தப் பெண்ணிடம் என்ன சொல்வார் என்பது மட்டும் உறுதியில்லை. ஆல்ரவுண்ட் எனப்படும் தாளக் கருவித் தொகுப்பை வாசிப்பவர் சரியான நேரத்தில் ஒரு தட்டு தட்டினால் சிரிப்பு இரட்டிப்பாகும். அவர் தவறவிட்டால் பபூன் அவரையே வம்புக்கு இழுத்து அந்தத் தவறையும் சிரிப்பாக்கிவிடுவார்.

பதிவு செய்யப்பட்ட படத்துக்கு இந்த வசதி இல்லை. இன்று ஒளிபரப்பானது நாளையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வரும். ஆகவே கார்ட்டூனில் ஒரு சிரிப்பு பழசாகாமல் நிற்க வேண்டுமானால், அதற்குரிய வலு அந்தப் பாத்திரத்தின் குணத்திலிருந்துதான் வர வேண்டும். இதைக் கண்டுகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நகைச்சுவையை அதற்குரிய பாத்திரத்திடமிருந்து எடுத்து வேறொரு பாத்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அது எந்தச் சேதமும் இல்லாமல் நின்றால், அது யாருக்கும் சொந்தமில்லாத, எழுதுபவர் கைக்கு எட்டியது என்பதற்காக எடுத்துப் போட்ட சரக்கு. பிள்ளைகளோடு பார்த்த தொடர்களை எல்லாம் நான் இந்த ஒரு சோதனைக்குத்தான் உட்படுத்தினேன்.

பிள்ளைகள் மிகவும் விரும்பிப் பார்த்ததும், இந்தச் சோதனையில் மிக மோசமாகத் தோற்றதும் ஒரே தொடர்தான். லோட்பாட் என்ற இந்திச் சிறுவர் இதழின் பாத்திரங்களைக் கொண்டு 2012-இல் நிக் அலைவரிசை தொடங்கிய ‘மோட்டு பட்லு’ அது. அதில் வரும் இன்ஸ்பெக்டர் ச்சிங்கத்தின் காட்சி ஒன்றைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். திருடன் தப்பி ஓடுகிறான். இன்ஸ்பெக்டர் கால்களை அகட்டி நின்று, தன் பிடியிலிருந்து ஒருவரும் தப்ப முடியாது என்று முழங்கி, துப்பாக்கியை வானத்தை நோக்கி உயர்த்திச் சுடுகிறார். ஒரு கணம் எல்லாம் அசையாமல் நிற்கிறது. அடுத்த கணம் அவர் தலையில் தேங்காய் விழுகிறது. அந்த இடத்தில் தென்னை மரம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அக்காவின் இளைய மகன், துப்பாக்கி உயரும்போதே “மாமா, இப்பத் தேங்கா விழும் பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்குவான். தேங்காய் உண்மையில் விழும் நேரத்தில் அவன் சிரித்து முடித்து, முறுக்கு டப்பாவுக்குக் கையை நீட்டியிருப்பான்.

இதில் குழந்தையின் பக்கம் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து நடக்கப்போவதைத் தானே முன்கூட்டிச் சொல்வதும், சொன்னபடியே நடப்பதும் எட்டு வயதில் பெரிய வெற்றி. பெரியவர்களுக்கு அலுத்துப்போகும் மறுநிகழ்வு சிறுவர்களுக்குத் தங்கள் அறிவின் சான்றாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த வெற்றியைக் கொடுத்த பிறகு தொடர் அவனுக்கு வேறு எதையும் கொடுப்பதில்லை என்பதுதான் என் குறை. தேங்காய் விழுந்ததும் இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளலாம், அன்று மட்டும் சுடத் தயங்கலாம், தலைக்கவசத்தோடு வரலாம், தேங்காயை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். விதியை நன்றாக நிறுவிவிட்ட ஒரு தொடருக்கு அந்த விதியோடு விளையாட எத்தனையோ வழிகள் உண்டு. நான் பார்த்த பகுதிகளில் பெரும்பாலும் அவர் எழுந்து நின்றார், காட்சி மாறியது.

இந்தத் தேங்காய்க்குப் பின்னால் தமிழ்ப் பார்வையாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தி மூலத்தில் ச்சிங்கம் தென்னிந்தியச் சாயலில் இந்தி பேசுபவர்; பேச்சும் தோரணையும் அந்தச் சாயலை வைத்தே அமைக்கப்பட்டவை. விஞ்ஞானியாக வரும் டாக்டர் ஜட்காவுக்குப் பஞ்சாபிச் சாயல். தெற்கத்தியார் என்றால் ‘ஐயோ’வும் தேங்காயும் என்பது வடக்கத்தித் திரை நகைச்சுவையில் நெடுங்காலமாகப் புழங்கி வந்த கேலி, அது அப்படியே இந்தத் தொடரின் கதை நடக்கும் ஃபர்ஃபுரி நகருக்குள்ளும் குடியேறிவிட்டது. தமிழ் ஒலித்தடத்தில் ஊரே தமிழ் பேசும்போது அந்தக் கேலிக்குக் காலூன்ற இடமில்லாமல் போகிறது. எஞ்சுவது தேங்காய் மட்டும்தான். நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்காக ஏற்பட்ட ஒன்றை நம் வீட்டுப் பிள்ளைகள் காரணம் தெரியாமலேயே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் பெரிய மானக்கேடாகக் கருதவில்லை. கருத்தில்லாத சிரிப்பு எவ்வளவு தொலைவு பயணம் செய்யும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகவே கொள்கிறேன்.

இத்தகைய சாயல்களும் ஒட்டுவசனங்களும் ஏன் இவ்வளவு மலிந்திருக்கின்றன என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. இந்தியில் மோட்டு, பட்லு, ச்சிங்கம், ஜட்கா, கசீட்டாராம் எனப் பெரும்பாலான முதன்மைப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பவர் சௌரவ் சக்ரவர்த்தி என்ற ஒரே கலைஞர். ஒருவரின் தொண்டையிலிருந்தே அத்தனை பேரும் பிறக்க வேண்டியிருக்கும்போது, இன்னார் பேசுகிறார் என்று குழந்தை உடனே அடையாளம் காண்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரச் சாயலும் ஒரு நிலையான வசனமும் தேவைப்படுகின்றன. எந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதில் தனக்கு 20 ஆண்டு அனுபவம் இருப்பதாகச் சொல்லும் கசீட்டாராம் அப்படிப்பட்டவர்தான். வியப்பு என்னவென்றால் இந்தத் தொடரில் என் சோதனையில் தேறிய ஒரே நகைச்சுவையும் அவருடையதே. எல்லா வேலையிலும் அனுபவம் என்று சொல்லிக்கொண்டு எதையும் உருப்படியாகச் செய்யாத பெரியவர் நம் தெருவிலும் ஒருவர் இருப்பார். அந்த வசனத்தை மோட்டுவிடம் கொடுத்தால் அது செத்துப்போகும்.

சமோசா விஷயம் வேறு. வயிறு காலியாக இருந்தால் மோட்டுவுக்கு மூளை வேலை செய்யாது. சமோசா வாயில் போனதும் வலு வந்துவிடும். ஹைதராபாத் நிறுவனமான கிரீன் கோல்ட் தயாரித்து 2008-இலிருந்து போகோவில் வரும் ‘சோட்டா பீம்’ தொடரில் அதே இடத்தில் லட்டு இருக்கிறது. இரண்டுக்கும் மூத்த அண்ணன் 1933-இல் திரைக்கு வந்த பாப்பாயின் பசலைக்கீரை. மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாலும் கதையில் ஒரு வரி கூட மாறாது. ஆகவே இவை நகைச்சுவை என்ற கணக்கிலேயே சேரா, கதையை முடித்து வைக்கும் பொத்தான்கள் மட்டுமே. உருவக் கேலியையும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். தடித்தவன், மெலிந்தவன் என்ற இணை நமக்குப் புதிதல்ல; தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு திரையைக் கலக்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருவருக்கும் வாய் இருந்தது. ஊர் நடப்பைப் பேசினார்கள், கதையின் அரசனையே கிண்டல் செய்தார்கள். ‘சோட்டா பீம்’ தொடரின் காலியாவைப் போலப் பருமனாக இருப்பதனாலேயே விழுந்தும் அடிபட்டும் சிரிப்பூட்ட வேண்டிய பாத்திரத்துக்கு அந்த வாய் கொடுக்கப்படவில்லை.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர்கள் இந்த அலைவரிசைகளைத் தாங்க முடியாமல் போவதற்கு முதல் காரணம் கதையல்ல, ஒலிதான். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி ஒரு பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தலையைத் திருப்பினால் காற்றைக் கிழிக்கும் ஓசை, கண்ணிமைத்தால் மணியோசை, திகைத்தால் கம்பிச் சுருள் அதிரும் ஓசை, எவரும் பேசாத ஒரு நொடி கிடைத்துவிட்டால் அதை நிரப்பச் சுவர்க்கோழியின் ஓசை. விழுந்தவனுக்கும் விழாதவனுக்கும் ஒரே அளவு ஓசை கிடைப்பதால், எது சிரிக்க வேண்டிய இடம் என்பது காதுக்குத் தெரியாமல் போகிறது. நாடக மேடையின் ஆல்ரவுண்ட் கலைஞர் இரவு முழுவதும் கையை ஓங்கிக்கொண்டு இருப்பதில்லை. காத்திருந்து தட்டுவதனால்தான் அந்தத் தட்டுக்கு மதிப்பு. இதே வேலையை இசையால் செய்த ஸ்காட் பிராட்லி, டாம் ஜெர்ரி குறும்படங்களில் பூனையின் பதுங்கலுக்கும் பாய்ச்சலுக்கும் ஒரு முழு வாத்தியக் குழுவையே நடக்கவும் ஓடவும் வைத்தார். ஓசை எவ்வளவு மிகுந்திருந்தாலும் அது அந்தப் பூனையின் ஓசையாகவே இருந்தது.

அந்தக் குறும்படங்கள் 1940 முதல் 1958 வரை திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்டவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அந்தக் காலத்தில் எடுத்த 114 படங்களில் ஏழுக்கு ஆஸ்கர் கிடைத்தது. டாம் அடிபட்டு அலறும் அந்தப் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். அதே இருவர் 1957-இல் தொலைக்காட்சிக்கென்று நிறுவனம் தொடங்கியபோது கையில் இருந்த பணம் மிகக் குறைவு. அவர்கள் உருவாக்கிய யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது அழகுக்காக அல்ல. தலையையும் உடலையும் பிரிக்கும் கோடு அது. உடலை அப்படியே நிறுத்திவைத்துத் தலையை மட்டும் மீண்டும் வரைந்தால் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உடல் அசையாதபோது சிரிப்பை வாய்தான் சுமக்க வேண்டும். வசன நகைச்சுவையும், ஒவ்வொரு பகுதியிலும் வரும் ஒட்டுவசனமும், ஒரே வீதி பின்னால் மீண்டும் மீண்டும் ஓடுவதும் அந்தச் சிக்கனத்தோடு கைகோத்து வந்தவை. இன்று கணினியில் எல்லாம் அசைகின்றன. இருந்தும் அந்த வறுமைக் காலத்துப் பழக்கங்களை விட்டுவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் காலத்தின் மிக விசித்திரமான பழக்கம் பதிவு செய்த சிரிப்பொலி. சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் 1950-களில் பலவகைச் சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடக்கி, பொத்தானை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வரும்படி செய்தார். அரங்கில் மனிதர்கள் நடிக்கும் தொடருக்கு அதைச் சேர்ப்பதிலாவது ஒரு நியாயம் கற்பிக்கலாம். 1960-இல் வந்த பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடருக்கும் 1969-இல் வந்த ஸ்கூபி டூ தொடருக்கும் அதைச் சேர்த்தார்கள். கற்காலத்துக் குகை வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. இப்போதைய கார்ட்டூன்களில் அந்தச் சிரிப்பொலி அரிதாகிவிட்டது. அந்த இடத்தைத்தான் மேலே சொன்ன ஓசைகளின் இரைச்சல் பிடித்துக்கொண்டது என்பது என் கருத்து; இரண்டின் வேலையும் ஒன்றே, இங்கே சிரி என்று தோளைத் தட்டிச் சொல்வது.

தமிழ் ஒலிச்சேர்க்கைக்கு வருகிறேன். நல்ல குரல்கள் இருக்கின்றன, அதில் ஐயமில்லை. சுட்டி டிவியில் டோராவும் புஜ்ஜியும் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர்களைப் போல ஆனதற்கும், திருட வரும் குள்ளநரியைத் தடுக்க ஒரு தலைமுறையே தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியதற்கும் அந்தக் குரல்கள்தான் காரணம். ஆனால் மௌனத்தைக் கண்டால் அஞ்சுவது ஒலிச்சேர்க்கையின் பொதுவான நோயாக இருக்கிறது. 1998-இல் பிரான்சில் தொடங்கிய ‘ஓகி அண்ட் தி காக்ரோச்சஸ்’ அடிப்படையில் வசனமே இல்லாத தொடர். நீலப் பூனை ஒன்றையும் மூன்று கரப்பான்களையும் வைத்து உடல் அசைவாலேயே கதை சொல்வது. இந்தியாவுக்கு வந்தபோது இந்தியில் அதற்கு வசனம் எழுதி, பாலிவுட் நடிகர்களின் குரலைப் போலப் பேசவும் வைத்தார்கள். பூனை படிக்கட்டில் உருளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ‘ஐயோ உருளுகிறேனே’ என்கிற தோரணையில் அதன் வாய்வழியாகவும் கேட்க வேண்டியிருந்தால், கண்ணுக்கு என்ன வேலை? திரை நட்சத்திரத்தின் குரல் என்பதும் என் சோதனையில் உடனே தோற்றுவிடுகிறது, ஏனெனில் அதைப் பூனைக்குக் கொடுத்தாலும் கரப்பானுக்குக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

தமிழ் வசனகர்த்தாக்கள் சிலர் திரைப்படங்களில் புகழ்பெற்ற நகைச்சுவை வரிகளை எடுத்துக் கார்ட்டூன் பாத்திரங்களின் வாயில் வைப்பதும் இதே வகைதான். மதுரைக்காரரான வடிவேலுவின் வரிகளுக்கு இதில் முதலிடம். எங்கள் ஊர்ப் பேச்சு திரையில் கேட்பது மகிழ்ச்சிதான் என்றாலும், அவருடைய வரி அவரிடம் ஏன் எடுபட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. வீராப்பு பேசி, அடி வாங்கி, அடியே வாங்காதவரைப் போல நிமிர்ந்து நடக்கும் அந்த உடம்பிலிருந்து பிரித்தெடுத்த வரி, ஜப்பானியச் சிறுவன் வாயிலோ பிரெஞ்சுப் பூனை வாயிலோ வந்து விழும்போது, நமக்கு அந்தப் பழைய படத்தின் நினைவில் சிரிப்பு வருகிறதே ஒழியக் கண்முன்னே இருக்கும் காட்சியால் வருவதில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் படமும் தெரியாததால் அந்தச் சிரிப்பும் இல்லை.

தேறியவற்றைப் பற்றி. ‘டோரேமான்’ தொடரின் சட்டகம் மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம்: நோபிட்டா சிக்கலில் மாட்டி அழுதுகொண்டு ஓடி வருவான், 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை ஒரு கருவியைக் கொடுக்கும், அவன் அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்திப் பழையதைவிடப் பெரிய சிக்கலில் விழுவான். 1969-இல் சித்திரக்கதையாகத் தொடங்கிய காலத்திலிருந்து இதே கதைதான். இருந்தும் அலுக்கவில்லை என்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் விழுவதற்கான வழியை நோபிட்டாவின் சோம்பலோ, பொறாமையோ, வீம்போதான் தேர்ந்தெடுக்கிறது. அதே கருவியை அவன் தோழி ஷிசுகாவிடம் கொடுத்தால் கதை இரண்டு நிமிடத்தில் நல்லபடியாக முடிந்துவிடும். மூத்தவள், பதினொரு வயதுக்காரி, ஒரு பகுதியின் நடுவில் “இதை இவன் கெடுத்துருவான்” என்று சொன்னாள். எதைக் கெடுப்பான், எப்படிக் கெடுப்பான் என்பது அவளுக்கும் தெரியவில்லை. கடைசி வரை உட்கார்ந்து பார்த்தாள். தம்பியின் தேங்காய்க் கணிப்புக்கும் இவளுடைய கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நான் சொல்ல வந்தது முழுவதும் இருக்கிறது.

‘ஷின்சான்’ கடினமான வழக்கு. அந்த ஐந்து வயதுச் சிறுவன் பெரியவர்களின் பேச்சைத் தவறான இடத்தில் எடுத்துவிட்டு அவர்களின் பாசாங்கைக் கிழிப்பது முழுக்க முழுக்க அவனுக்கே உரிய நகைச்சுவை. வேறு எவர் வாயிலும் அது பொருந்தாது. கால்சட்டையை இறக்கிவிட்டு ஆடுவது அப்படியல்ல. அது எழுதுபவருக்கு வழி தெரியாதபோது கைகொடுக்கும் உத்தி. 1990-இல் அந்தச் சித்திரக்கதை வெளியானது பெரியவர்களுக்கான வார இதழில் என்பதை அறிந்தால், 2008-இல் இந்திய அரசு அதைத் தடை செய்ததும், பிறகு வெட்டுகளோடு அது திரும்பி வந்ததும் புரியும். வெட்டிய பிறகு சில காட்சிகள் தொடக்கமோ முடிவோ இல்லாமல் தொங்குகின்றன. அக்கா அருகில் இருக்கும்போது இந்தத் தொடரை நான் வைப்பதில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் நிறைவு தந்தவை 1949-இல் சக் ஜோன்ஸ் தொடங்கி வைத்த ரோட் ரன்னர் படங்களே. மலையுச்சியைத் தாண்டி ஓடிய ஓநாய் உடனே விழுவதில்லை. நிற்கிறது, கீழே பார்க்கிறது, நம்மைப் பார்க்கிறது, பிறகுதான் விழுகிறது. எத்தனை முறை வந்தாலும் அந்தப் பார்வையில் அவமானம் இருக்கிறது, ஒரு நொடி நேரத்து நம்பிக்கையும் இருக்கிறது. பறவை ஓநாய்க்கு நேரடியாகத் தீங்கு செய்யக் கூடாது, ஓசை எழுப்பித் திடுக்கிட வைக்கலாம், அவ்வளவுதான் என்று ஜோன்ஸ் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டதைப் பின்னாளில் எழுதினார். ஆகவே அந்த ஓநாயை வீழ்த்துவது அதன் சொந்தப் பிடிவாதமும், அது தபாலில் வரவழைக்கும் சாதனங்களும்தான். தேங்காய் எங்கிருந்தோ விழுகிறது. ஓநாயோ தான் வெட்டிய குழியில் விழுகிறது. அதிலே வசனமும் இல்லாததால் எந்த மொழித் தடத்தில் வைத்தாலும் சேதமில்லை.

கல்லூரி வயதினர் ஓடிடி தளங்களில் ஆங்கிலத்தில் பார்க்கும் கார்ட்டூன்கள் இந்தத் தொகுப்பில் இல்லை. ஆனாலும் அவற்றின் தேய்ந்த பழக்கம் இதற்கு நேர் உறவு என்பதால் ஒரு வார்த்தை. 1999-இல் தொடங்கிய ‘ஃபேமிலி கை’ தொடரில், ஒருவர் ‘அன்றைக்கு நடந்ததைப் போல’ என்று சொன்னதும் கதையோடு தொடர்பில்லாத ஒரு துண்டுக் காட்சி வந்து போகும். 2006-இல் ‘சவுத் பார்க்’ தொடர் அதைக் கேலி செய்தபோது, அந்த நகைச்சுவைகளை எழுதுபவை தொட்டியில் நீந்தும் கடற்பசுக்கள் என்றும், சொற்கள் எழுதிய பந்துகளை அவை மூக்கால் தள்ளித் தேர்ந்தெடுக்கின்றன என்றும் காட்டியது. இதைவிடக் கச்சிதமாக இந்த நோயை விவரிக்க எனக்குத் தெரியாது.

இனி சேவையைப் பற்றி. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடைமுறைப்படுத்திய கட்டண விதிகளின்படி கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பணம் செலுத்த முடியும். எங்கள் பகுதியில் தொகுப்பாகத்தான் தருகிறார்கள். தனியாக வேண்டும் என்று கேட்டால் தருவார்கள், ஆனால் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருக்கும். மொழித் தேர்வைப் பெட்டி நினைவில் வைத்திருப்பதில்லை. மின்சாரம் போய் வந்தால் மோட்டு மீண்டும் இந்திக்குத் திரும்பிவிடுகிறார், பிள்ளைகள் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விளம்பரத்தின் ஒலி தொடரின் ஒலியைவிடக் கூடுதலாக இருப்பது எல்லா அலைவரிசைகளிலும் உள்ள குறை. பழைய பகுதிகளின் மறு ஒளிபரப்பு மிகுதி. ஒரே பகுதி காலையிலும் மாலையிலும் வந்ததைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டினார்கள், பார்க்கவும் செய்தார்கள்.

பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு, டோரேமான் வரும் அலைவரிசையையும் பழைய டாம் ஜெர்ரி, ரோட் ரன்னர் படங்கள் வரும் அலைவரிசையையும் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். ஓகியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். உண்மையாகவே நன்றாக இருக்கிறது, நாங்கள் பார்த்தோம். ‘சோட்டா பீம்’ தொடர் ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் தாங்காது. மோட்டு பட்லுவை எங்கள் தொகுப்பிலிருந்து நீக்கச் சொல்லலாமா என்று பிள்ளைகளிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். இளையவன் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. தொகுப்பு அப்படியே தொடர்கிறது.